டீ எழுத்துல ஒரு கோடு குறைஞ்ச கதை

கடை போர்டுல சீன எழுத்துல 'டீ'ன்னு (茶) பெருசா போடணும்னு உங்களுக்கு ஆசை. உங்களுக்கு வந்த வாட்ஸப் ஃபார்வர்டுல 'மேல புல்லு, கீழ மரம், நடுவுல மனுஷன், இயற்கைக்கு நடுவுல மனுஷன் நிம்மதியா உக்காந்திருக்கறதுதான் தேநீர்னு சீன ஞானிங்க எழுத்துலயே மறைச்சு வெச்சிருக்காங்க'ன்னு இருக்கு, அது நெசமா? அப்பறம் கடைக்கு வர்றவங்க கேட்டா இத 'ச்சா'ன்னு சொல்றதா, 'ஸா'ன்னு சொல்றதா, 'தா'ன்னு சொல்றதா, நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்காங்களேன்னு கேட்டிருக்கீங்க.

ஃபார்வர்டு கப்சா. வாசிப்பு மூணுமே சரி, இன்னும் மூணு நாலு கூட இருக்கு. ஏன்னு சொல்ல ஆரம்பிச்சா கொஞ்சம் நீளும், ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல உருவம். மேல ரெண்டு குட்டிச் சிலுவை ஒட்டி நிக்கற மாதிரி இருக்குல்ல, அது செடி கொடிக்கான அடையாளம். அதுல சந்தேகமே இல்ல, கீரை, பூ, புல், மூலிகைன்னு ஏகப்பட்ட எழுத்து இந்த ஒரே தலைப்பாகையக் கட்டிக்கிட்டுதான் வரும். அதுக்குக் கீழ கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரியற கோடு, இதத்தான் மனுஷன்னு சொல்றாங்க, மனுஷனுக்கான சீன எழுத்தும் பார்க்க அப்படியேதான் இருக்கும்ங்கறதால நம்பத் தோணும். அடியில மரம் மாதிரி ஒண்ணு. ஆனா இந்தக் கூரையும் அந்த மரமும் தனித்தனி ஆளே இல்ல. ரெண்டும் சேர்ந்து இன்னொரு எழுத்தோட மிச்சம். சீனாவோட பொது மொழியான மாண்டரின்ல இன்னிக்கு 'யூ'ன்னு (余) வாசிக்கற ஒரு எழுத்து அது, அதுல கூரைக்கு அடியில ரெண்டு படுக்கைக் கோடு இருக்கும், டீ எழுத்துல ஒண்ணுதான் இருக்கு. அந்த 'யூ' அங்க வந்து உக்காந்தது அர்த்தத்துக்காக இல்ல, சத்தத்துக்காக. பெரும்பாலான சீன எழுத்து இப்படித்தான், ஒரு பக்கம் இது எந்த வகைப் பொருள்னு ஒரு ஜாடை, இன்னொரு பக்கம் எப்படி வாயில வரும்னு ஒரு ஜாடை. எல்லாத்தையும் படமா பார்த்துக் கதை சொல்றது வெளியில இருக்கற நமக்கு மட்டும் இல்ல, சீனாவுலயே டீ விக்கறவங்க கஸ்டமருக்குச் சொல்ற கதைதான் இது. கேக்க நல்லா இருக்கு, அவ்ளோதான்.

சரி, அந்த ரெண்டாவது கோடு எங்க போச்சு? இங்கதான் கதையே.

ரெண்டு கோடு இருக்கற பழைய எழுத்த (荼) மாண்டரின்ல இப்ப 'தூ'ன்னு வாசிப்பாங்க. அது டீ இல்ல, ஒரு வகைக் கசப்புக் கீரை. சீனாவோட ரொம்பப் பழைய பாட்டுத் தொகுப்பான ஷிஜிங்ல புருஷன் தள்ளி வெச்ச ஒரு பொண்ணு பாடற மாதிரி ஒரு பாட்டு இருக்கு, 'தூ கசக்கும்னு யார் சொன்னது, என் நெலமைக்கு அது இனிப்பு'ங்கற தொனியில ஒரு வரி வரும். அந்தத் தூதான் இது. டீ இலையும் கசப்புதான, தென்மேற்குல சிச்சுவான் பக்கம் அந்த இலையப் பறிச்சுக் கொதிக்க வெச்சுக் குடிக்க ஆரம்பிச்சப்ப புதுசா எழுத்து உருவாக்க யாரும் மெனக்கெடல, இருக்கற கசப்புக் கீரை எழுத்தையே இதுக்கும் வெச்சு ஓட்டிட்டாங்க. கி.மு. 59-ல வாங் பாவ்னு ஒருத்தர் ஒரு அடிமையை வாங்கற பத்திரம் மாதிரி கிண்டலா ஒண்ணு எழுதியிருக்கார், அதுல அந்த ஆள் செய்ய வேண்டிய வேலைன்னு ஒரு நீளமான பட்டியல், கேட்டா நமக்கே மூச்சு வாங்கும், நடுவுல 'தூ'வைக் கொதிக்க வைக்கணும், வூயாங் போய் 'தூ' வாங்கிட்டு வரணும்னு வருது. கீரை வாங்க யாரும் வேற ஊருக்கு ஆள் அனுப்ப மாட்டாங்க, அதனால சந்தைக்குப் போய் வாங்கற அந்த 'தூ' டீதான்னு பெரும்பாலான அறிஞர்கள் எடுத்துக்கறாங்க. டீ அந்தக் காலத்துல இருந்துச்சாங்கறதுல இப்ப சந்தேகம் இல்ல, கி.மு. 141-ல செத்துப்போன ஹான் பேரரசர் ஜிங்கோட கல்லறைத் தொகுதியிலேயே டீ இலை கெடச்சிருக்கு, 2016-ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு.

ஒரு சின்ன கிளைக்கதை, எப்படியும் யாராவது கேப்பாங்க. போதிதர்மர் தூக்கம் வராம இருக்கறதுக்காகக் கண்ணு இமைய வெட்டிப் போட்டார், அது விழுந்த எடத்துலதான் டீச்செடி முளைச்சதுன்னு ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்து ஆளு, டீயே நம்ம கொடைன்னு நம்ம பக்கம் பெருமையாப் பகிர்வாங்க. அந்தக் கதை கிழக்காசியாவுல நெசமாவே சொல்லப்பட்டதுதான், ஜப்பான்ல இருந்த கெம்ஃபர்ங்கற ஜெர்மன் டாக்டர் 1712-ல புத்தகமாவே அச்சடிச்சுட்டார். ஆனா போதிதர்மர் காலம் 5, 6-ஆம் நூற்றாண்டு. மேல சொன்ன கல்லறை அதுக்கு அறுநூறு வருஷம் முந்தி. கணக்கு ஒத்து வரல. டீ எழுத்துல இந்தியாக்காரன் கைவரிசை ஒண்ணு உண்டு, அது இது இல்ல, அதுக்கு வர்றேன்.

ஒரே எழுத்து கீரைக்கும் டீக்கும்னு ஓடிட்டிருந்தா குழப்பம் வராம இருக்குமா. குழப்பம் வாயிலதான் மொதல்ல தீர்ந்துச்சு, கையில அப்பறம்தான். அதாவது எழுத்து ஒண்ணாவே இருக்கு, ஆனா கீரைன்னா ஒரு சத்தம், டீன்னா வேற சத்தம். ஹூனான்ல இன்னிக்கு ச்சாலிங்னு ஒரு ஊர் இருக்கு, டீ-மேடுங்கற மாதிரி பேரு, ஹான் காலத்துல அந்தப் பேர ரெண்டு கோடு எழுத்துலதான் எழுதியிருக்காங்க. 7-ஆம் நூற்றாண்டுல யான் ஷிகூங்கற உரையாசிரியர் அந்த ஊர்ப்பேருக்கு உரை எழுதறப்ப இந்த எழுத்துக்கு வாசிப்பு ரெண்டு விதமா கொடுக்கறார், அதுல ஒண்ணு டீயோட வாசிப்பு. ஆக சத்தம் பிரிஞ்சாச்சு, உருவம் இன்னும் பிரியல.

8-ஆம் நூற்றாண்டுல டீயப் பத்தியே மொத்தமா ஒரு புத்தகம் எழுதின லூ யூ (733–804) இந்தக் குழப்பத்த நேராவே சொல்றார், இந்தப் பொருளுக்கான எழுத்துல சிலர் செடி அடையாளம் போடறாங்க, சிலர் மரம் அடையாளம் போடறாங்க, சிலர் ரெண்டையும் போடறாங்கன்னு. செடி மட்டும் போட்ட வடிவம் 735-ல பேரரசர் பேர்ல வந்த அகராதியில இருக்குன்னு குறிப்பும் கொடுக்கறார். நம்ம ஊர் கடை போர்டுல 'பரோட்டா', 'புரோட்டா', 'ப்ரோட்டா'ன்னு மூணும் ஓடற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

அப்ப எப்பதான் ஒரு கோடு விழுந்துச்சு? இதக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 17-ஆம் நூற்றாண்டுல கூ யான்வூனு (1613–1682) ஒரு அறிஞர், ஊர் ஊரா நடந்து கல்வெட்டு பார்க்கற ஆளு, 'தாய்'னு பேர் உள்ள மலைக்குப் போயிருக்கார், அங்க தாங் அரச வம்சக் காலத்துக் (7–10-ஆம் நூற்றாண்டு) கல்லுங்கள்ல 779-ல வெட்டினதுலயும் 798-ல வெட்டினதுலயும் டீ பத்தின எடத்துல ரெண்டு கோடு அப்படியே இருக்கு. 841-ல லியூ கோங்ச்சுவான் எழுதின கல்லுலயும் 855-ல பெய் ஷியூ எழுதின கல்லுலயும் ஒரு கோடு காணோம். அப்ப இந்த எழுத்து மாறினது தாங் காலத்தோட நடுவுக்கு அப்பறம்தான்னு முடிவு கட்டிட்டார். லேப் இல்ல, கார்பன் டேட்டிங் இல்ல, ரெண்டு கால் இருந்துச்சு. அதுல வேடிக்கை என்னன்னா ஒரு கோடு குறைஞ்ச அந்தப் பிந்தின ரெண்டு கல்லும் பௌத்த பிக்குகளோட நினைவுக் கல்வெட்டு. அங்க இந்த எழுத்து டீயக் குறிக்க வரல, உடம்ப எரிச்சாங்க, தகனம் பண்ணாங்கங்கறதுக்கான வார்த்தையில வருது. பாலி மொழியில எரிக்கறதுக்கு இருக்கற சொல்ல சத்தம் பார்த்து ரெண்டு சீன எழுத்துல எழுதினாங்க, மொத எழுத்து இது. ஜப்பான்ல இன்னிக்கும் 'தாபி'ன்னா தகனம்தான். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, உங்க போர்டுக்கு வேணும்.

இப்ப சத்தம். இந்தியாக்காரன் கைவரிசைன்னு சொன்னேன்ல, அது இங்க.

சமஸ்கிருதத்துலேர்ந்து பௌத்த நூல்களச் சீனத்துக்குக் கொண்டு போனவங்களுக்கு ஒரு தலைவலி, மந்திரத்தையும் பேர்களையும் அர்த்தமா மாத்த முடியாது, சத்தமாவே எழுதணும். 'மண்டலம்'ங்கற வார்த்தைய எழுதறப்ப நடுவுல வர்ற 'ட'வுக்கு எந்த எழுத்தப் போட்டாங்க தெரியுமா? இந்த ரெண்டு கோடு எழுத்தத்தான். கும்பாண்டர்னு பூதகணம் ஒண்ணு வருமே, அதுல வர்ற 'ட'வுக்கும் இதேதான். அதாவது அந்தக் காலத்துல இத நாக்க மேல மடிச்சு, 'மண்டபம்', 'கண்டம்'னு சொல்றப்ப வர்ற அந்த மெத்தையான 'ட' மாதிரி வாசிச்சிருக்காங்க. சீன மொழியியல்காரங்க உள்ளூர் எதுகை அகராதிய வெச்சு டீக்குக் கட்டின பழைய உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதேதான், 'ட்ரா'வுக்கும் 'டா'வுக்கும் நடுவுல ஒண்ணு. வெள்ளக்காரனுக்கு இத விளக்க ஒரு பக்கம் எழுதணும், நமக்கு ஒரே எழுத்துல முடிஞ்சுது.

அந்த மடிச்ச 'ட' ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மாதிரி போச்சு. வடக்க அது தேஞ்சு தேஞ்சு 'ச்ச' ஆச்சு, இங்கிலீஷ்ல 'ட்ரெய்ன்'ங்கறத அமெரிக்காக்காரன் கிட்டத்தட்ட 'ச்ரெய்ன்'னு சொல்றான் பாருங்க, அதே வழுக்கல். அதனால மாண்டரின்ல 'ச்சா', கேள்வி கேக்கற மாதிரி குரல் மேல ஏறும். ஹாங்காங் பக்கம் கான்டனீஸ்லயும் 'ச்சா', ஆனா குரல் கீழ எறங்கும். 'யம் ச்சா'ன்னு காலையில டிம்சம் சாப்புடப் போவாங்களே, அந்த ச்சா.

தென்கிழக்குச் சீனாவுல ஃபூஜியன் கடற்கரையில 'மின்'ங்கற மொழிக் குடும்பம் பேசறவங்க மட்டும் இந்த மடிச்ச 'ட' உருவாகறதுக்கு முன்னாடியே தனியாப் பிரிஞ்சு போனவங்க. அவங்க வாயில நாக்கு மடியவே இல்ல, நேரா பல்லுக்கிட்ட 'த'. உயிரொலியும் மாறி, அந்த மின் மொழிகள்ல ஒண்ணான ஹொக்கியன்ல 'தே' ஆச்சு. நம்பிக்கை வரலன்னா ஒரு பேர எடுத்துக்கோங்க. ஜாக்கி சான்ல இருக்கற 'சான்', மாண்டரின்ல 'ச்சென்', சிங்கப்பூர்ல தெருவுக்கு நாலு பேர் 'டான்'னு இருப்பாங்களே அந்த 'டான்', வியட்நாம்ல 'ட்ரன்', நாலும் ஒரே குடும்பப் பேரு, ஒரே எழுத்து. டீ எழுத்து ஆரம்பிக்கற அதே பழைய மெய்யிலதான் இதுவும் ஆரம்பிக்குது. அதனாலதான் மாண்டரின் 'ச்சா'வுக்கு ஹொக்கியன் 'தே', மாண்டரின் 'ச்சென்'னுக்கு ஹொக்கியன் 'தான்'. தற்செயல் இல்ல, கணக்கு மாதிரி வரும்.

இந்த 'தே'வத்தான் டச்சுக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. 17-ஆம் நூற்றாண்டுல ஜாவா பக்கம் அவங்க கம்பெனி டீ வாங்கினது பெரும்பாலும் ஹொக்கியன் பேசற வியாபாரிங்ககிட்டேர்ந்து. அங்கேர்ந்து ஐரோப்பாவுல பெரும்பாலான எடத்துல 'தே', இங்கிலீஷ்லயும் மொதல்ல 'டே'ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துக் கவிதையில டீயும் 'ஒபே'யும் இயைபாவே வரும், அப்பறம்தான் 'டீ' ஆச்சு. போர்ச்சுகீஸ்காரன் மக்காவுல உக்காந்திருந்தவன், அங்க கான்டனீஸ், அதனால அவனுக்கு 'ஷா'. பாரசீகம், ஹிந்தி, ரஷ்யன் எல்லாம் 'சாய்'. நெட்ல ஒரு மேப் சுத்தும், கடல் வழியா போனா 'தே', தரை வழியா போனா 'சா'ன்னு. ரெண்டு வரியில சொல்ல வசதியா இருக்கறதால எல்லாரும் ஷேர் பண்றாங்க, எனக்கு அது மேல கொஞ்சம் கடுப்பு. போர்ச்சுகீஸ்காரன் ஒட்டகத்துல போனானா? ஜப்பானுக்குத் தரை வழி ஏது? வண்டியா கப்பலாங்கறது விஷயமே இல்ல, எந்தத் துறைமுகத்துல, எந்த ஊர்க்காரன் வாயிலேர்ந்து கேட்டான்ங்கறதுதான் விஷயம்.

ஜப்பானுக்கு வருவோம், இங்கதான் உங்க 'ச்சா'வும் 'ஸா'வும் முட்டிக்குது. ஜப்பானீஸ்ல ஒவ்வொரு சீன எழுத்துக்கும் பொதுவா ரெண்டு வகை வாசிப்பு உண்டு, சீனாவுலேர்ந்து வந்த சத்தம் ஒண்ணு, உள்ளூர் ஜப்பானீஸ் வார்த்தை ஒண்ணு. தண்ணிக்கு, மலைக்கு, மனுஷனுக்கு எல்லாம் உள்ளூர் வார்த்தை இருக்கு. டீக்கு உள்ளூர் வாசிப்பே கிடையாது, ஏன்னா பொருளே பேரோடதான் கப்பல்ல வந்து எறங்குச்சு. 815-ல எய்ச்சூங்கற பிக்கு சாகா பேரரசருக்கு டீ போட்டுக் கொடுத்தார்னு அரசக் குறிப்புல இருக்கு. அப்பறம் ஒரு எடைவெளி விட்டு 1191-ல எய்சாய்ங்கற ஸென் துறவி சீனாவுலேர்ந்து திரும்பி வந்து திரும்பப் பரப்பினார், 1211-ல டீ குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு ஒரு புத்தகமே எழுதினார்.

சீனாவுலேர்ந்து வந்த சத்தமும் ஒரே தடவையில வரல, அலை அலையா வந்துச்சு. நமக்கு இது புதுசு இல்ல. 'இலக்கம்'னு ஒரு வார்த்தை, 'லட்சம்'னு ஒரு வார்த்தை, ரெண்டும் ஒரே வடமொழிச் சொல்லுதான், ஒண்ணு பிராகிருதம் வழியா முன்னாடியே வந்து தமிழ் மாதிரியே ஆயிடுச்சு, இன்னொண்ணு பின்னாடி நேரா வந்துச்சு. ஜப்பானீஸ்ல இது ஒவ்வொரு எழுத்துக்கும் நடந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. தாங் தலைநகர் உச்சரிப்பு வழியா வந்த 'தா'ன்னு ஒரு வாசிப்பு அகராதியில உண்டு, அதப் பேச்சுல யாரும் சீந்தறதில்ல. ஜனங்க வாயில நின்னது 'ச்சா', மாச்சா, சென்ச்சா, ஹோஜிச்சா எல்லாம் இதுதான், டீ கிண்ணம் 'ச்சாவான்'. அப்பறம் ஸென் மடங்கள் வழியா கடைசி அலையில வந்தது 'ஸா'. அதனாலதான் மடம், சடங்கு, கொஞ்சம் மேட்டிமையான வார்த்தைன்னா 'ஸா' எட்டிப் பார்க்கும். சாவோச்சோவ்னு ஒரு சீன ஸென் குரு இருந்தார், ஒருத்தன் வந்தான், இங்க முன்னாடி வந்திருக்கியான்னு கேட்டார், வந்திருக்கேன்னான், சரி போய் டீ குடின்னார். இன்னொருத்தன் வரலன்னான், நீயும் போய் டீ குடின்னார். என்ன சாமி ரெண்டு பேருக்கும் ஒரே பதிலான்னு மடத்து மேனேஜர் கேட்டார், அவரையும் போய் டீ குடிக்கச் சொல்லிட்டார். அந்த 'போய் டீ குடி' ஜப்பான்ல 'கிஸ்ஸாகோ'. அதே 'கிஸ்ஸா'தான் 'கிஸ்ஸாத்தேன்'ங்கற பழைய காலத்துக் கடையில இருக்கு. போய்ப் பார்த்தா அங்க எல்லாரும் காபிதான் குடிச்சிட்டிருப்பாங்க. டீ சடங்குக்கு 'ஸாதோ'ன்னும் சொல்றாங்க, 'ச்சாதோ'ன்னும் சொல்றாங்க, எது சரின்னு அவங்களுக்குள்ளயே பள்ளிக்குப் பள்ளி மாறும், நீங்க அதுல தலையிட வேண்டாம்.

அனிமே பார்க்கறவங்களுக்கு 'மெச்சா குச்சா' தெரிஞ்சிருக்கும், எல்லாம் கந்தல் கோலம்ங்கற அர்த்தம். அத எழுதறப்ப டீ எழுத்து ரெண்டு தடவ வரும். டீக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சத்தத்துக்காகக் கடன் வாங்கினது. பிரவுன் கலருக்கு அவங்க வார்த்தை 'ச்சாஇரோ', டீ கலர். நாம காபி கலர்னு சொல்றோம்.

உருவத்த வெச்சு விளையாடறதுலயும் ஜப்பான்காரங்க கெட்டிக்காரங்க, ஃபார்வர்டு எழுதினவர விட எவ்ளோவோ மேல். மேல இருக்கற ரெண்டு சிலுவையும் ரெண்டு 'பத்து', ஆக இருபது. கீழ இருக்கறதப் பிரிச்சா 'எட்டு, பத்து, எட்டு', அதாவது எண்பத்தெட்டு. கூட்டுனா 108. அதனால ஒருத்தருக்கு 108 வயசு ஆச்சுன்னா அதுக்குப் பேரு 'ச்சாஜூ', டீ வயசு. நமக்கு 108-னா தேங்காய் உடைக்கறதும் ஆம்புலன்ஸும்தான் ஞாபகம் வரும். உங்க போர்டுக்குக் கீழ ஏதாவது கதை எழுதணும்னா புல்லு-மனுஷன்-மரத்த விட்டுட்டு இத எழுதுங்க, இது விளையாட்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டு.

கொரியாவுல இன்னும் சுவாரஸ்யம். அங்க சீன எழுத்துக்குப் பொதுவா ஒரே ஒரு வாசிப்புதான், ஜப்பான் மாதிரி கலாட்டா கிடையாது. விதிவிலக்கா ரெண்டு வாசிப்பு வெச்சிருக்கற கொஞ்ச எழுத்துல டீ ஒண்ணு, 'ச்சா', 'தா'. கிரீன் டீ 'நொக்ச்சா', பிளாக் டீ 'ஹொங்ச்சா'. ஆனா பழைய ஸ்டைல் டீக்கடை 'தாபாங்', டீ நெறி 'தாதோ'. அந்தத் 'தா' பழைய மடிச்ச 'ட'வோட நிழல். கொரியால எழுத்துப் பாடம் ஒப்பிக்கறப்ப மொதல்ல அர்த்தம், அப்பறம் வாசிப்புன்னு சேர்த்துச் சொல்வாங்க, டீ எழுத்துக்கு அது 'ச்சா தா'. அதாவது அர்த்தம் ச்சா, வாசிப்பு தா. 'ச்சா'வும் சீனாவுலேர்ந்து வந்த சொல்லுதாங்கறதே மறந்து போயி சொந்த வார்த்தை லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க, எழுத்துக்கூட்டல் விதியில கூட அத சொந்த வார்த்தை மாதிரிதான் நடத்தறாங்க. நம்ம ஊர்ல 'சாவி'ய போர்ச்சுகீஸ்னு யாராவது நெனைக்கறாங்களா, அப்படி.

கொரியாவுல டீ விதை வந்தத அவங்க பழைய வரலாறு 828-னு தேதி போட்டே சொல்லுது, கிம் தேரியோம்ங்கற தூதர் தாங் நாட்டுலேர்ந்து கொண்டு வந்தார், ராஜா அத ஜிரி மலையில நடச் சொன்னார்னு. சூசொக், சொல்லால் பண்டிகைக்கு முன்னோர்களுக்குப் படையல் போடற சடங்குக்கு 'ச்சாரே'ன்னு பேரு, எழுதினா டீ எழுத்து, மரியாதை எழுத்து. ஆனா இப்ப படைக்கறது பெரும்பாலும் அரிசிச் சாராயம். பேர்ல மட்டும் டீ நிக்குது. 'டீ சோறு சமாச்சாரம்', அதாவது தினப்படி நடக்கற சாதாரண விஷயம்னு மூணு எழுத்துல ஒரு சொல்லு உண்டு, அதே மூணு எழுத்த ஜப்பான்காரன் 'ஸாஹாஞ்ஜி'ம்பான், கொரியாக்காரன் 'தாபான்ஸா'ம்பான். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, பேப்பர்ல ஒண்ணு, காதுல ரெண்டு.

வியட்நாம்ல ரெண்டு வார்த்தை, 'ட்ரா', 'ச்செ'. ரெண்டும் ஒரே எழுத்துச் சொல்லுதான், வேற வேற காலத்துல உள்ள வந்தது. படிச்சவங்க அலை 'ட்ரா', ஜனங்க அலை 'ச்செ'. வடக்க பச்சை இலைய அப்படியே கொதிக்க வெச்சா 'ச்செ', ஐஸ் டீ எங்கயும் 'ட்ரா டா'. 'ச்செ'ன்னு கேட்டா பாயசம் மாதிரி இனிப்பும் வந்து நிக்கும், பயறு, தேங்காய்ப் பால் எல்லாம் போட்டது, போனீங்கன்னா ஆர்டர் பண்றப்ப ஜாக்கிரதை. தெக்க சைகோன் பக்கத்து ஆளு 'ட்ரா' சொல்றப்ப நாக்கு மடியறத நல்லாக் கேக்கலாம், இன்னிக்கு உயிரோட இருக்கற வாசிப்புல மண்டலத்தோட 'ட'வுக்கு ரொம்பக் கிட்ட நிக்கறது அதுதான்னு எனக்குத் தோணும்.

எல்லாத்துக்கும் முன்னாடி என்ன? பழைய சீனத்தக் கட்டிப் பார்க்கற மொழியியலாளர்கள் இந்த 'ட'வே அதுக்கும் முன்னாடி 'ல'வுல ஆரம்பிச்சிருக்கும்னு சொல்றாங்க, 'லா', 'ல்ரா' மாதிரி. அங்கேர்ந்து சிலர் இன்னும் ஒரு படி போயி, தென்மேற்குல மொதல்ல டீ குடிச்சவங்க சீனங்களே இல்ல, அங்க இருந்த வேற இனத்துக்காரங்க, அவங்க பாஷையில இலைக்கு இருந்த 'லா'ங்கற வார்த்தைதான் சீனத்துக்குள்ள வந்து டீ ஆச்சுங்கறாங்க. வியட்நாமீஸ்ல இன்னிக்கும் இலைன்னா 'லா', பர்மாக்காரங்களோட ஊறுகாய் டீ 'லாபெட்'லயும் அந்த 'லா' நிக்குது. இது ஒரு கருத்துதான், எல்லாரும் ஒத்துக்கிட்டது இல்ல. ஆனா அது உண்மையா இருந்தா நம்ம 'தேயிலை'யப் பாருங்க, ஹொக்கியன் 'தே'வோட 'இலை'ய ஒட்டி வெச்சிருக்கோம், ஆக மொத்தம் 'இலை-இலை'. நடுசென்டர் மாதிரி.

நம்மகிட்டயே இந்த எழுத்தோட ரெண்டு கிளையும் இருக்கு. யாழ்ப்பாணத்துல 'தேத்தண்ணி', மலேசியாவுல 'தே தாரிக்', இங்க 'டீ', இதெல்லாம் ஃபூஜியன் கிளை. நாகர்கோவில் தாண்டினா 'சாயா', அது இன்னொரு கிளை. கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடையில சாயாவும் டீயும் ஒரே பாய்லர்லேர்ந்து வருது, அந்த ரெண்டு பேரும் பிரிஞ்சு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இப்ப உங்க போர்டு. தாராளமா போடுங்க. யாராவது கேட்டா 'ச்சா'ன்னு சொல்லுங்க, பெய்ஜிங், ஹாங்காங், டோக்கியோ, சியோல் நாலு ஊர்லயும் செல்லும். வேற எந்த எழுத்துக்கும் இப்படி ஒரே பதில் கெடைக்கறது கஷ்டம், உங்களுக்கு அதிர்ஷ்டம். போர்டு அடிக்கறவர்கிட்ட மட்டும் ஒரு விஷயத்த ரெண்டு தடவ சொல்லிடுங்க, கூரைக்குக் கீழ படுக்கைக் கோடு ஒண்ணுதான். எண்ணிப் பார்த்தா மொத்தம் ஒன்பது கோடு வரணும், பத்து வரக்கூடாது. கம்ப்யூட்டர்ல தேடறப்ப ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும், கண்ணாடி போடாம பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். பத்தாவது கோடு விழுந்துட்டா சீனாக்காரன் பார்த்தா கசப்புக் கீரை, ஜப்பான்காரன் பார்த்தா அவனுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அந்தத் தகனம்தான்.